நாளை காலை எத்தனை மணிக்குப் பில் போடுவீர்கள்?

கடலூர், புதுச்சேரி பக்கம் கடை, ஏஜென்சி, சின்ன கம்பெனி என்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் முதலாளியிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த சர்வர் இன்று ராத்திரி போய்விட்டால் நாளை காலை எத்தனை மணிக்குப் பில் போடுவீர்கள்? "பேக்கப் இருக்கு தம்பி" என்று பதில் வரும். "சரிங்கண்ணா, போன வெள்ளிக்கிழமை கணக்கை அதிலிருந்து எடுத்துக் காட்டுங்க" என்றால் பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி வியாபாரி தினமும் ராத்திரி ஒழுங்காக பேக்கப் எடுத்தவர். அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் சர்வரிலேயே சொருகியிருந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்த அன்று சர்வரும் பூட்டிக்கொண்டது, டிஸ்கும் பூட்டிக்கொண்டது. ஆடிட்டரிடம் இருந்த பழைய காப்பியையும் கட்டுக்கட்டாகக் கிடந்த பில்களையும் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியை நான் விடாமல் கேட்கிறேன்.

பூட்டிய ஃபைலை ஏன் யாராலும் திறக்க முடிவதில்லை? ரேன்சம்வேர் இரண்டு விதச் சாவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. முதல் சாவியை உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கி, அதை வைத்து ஃபைல்களைப் பூட்டும். ஏஇஎஸ் என்ற அந்த முறை ரொம்ப வேகமானது, பூட்டவும் திறக்கவும் அதற்கு ஒரே சாவிதான். அப்படியே விட்டுவிட்டால் சாவியை உங்கள் கம்ப்யூட்டரிலேயே தேடிப் பிடித்துவிடலாம் அல்லவா? அதனால் அந்தச் சாவியை இன்னொரு சாவியால் பூட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது சாவிக்குப் பூட்ட மட்டும்தான் தெரியும், திறக்கிற அதன் ஜோடி திருடனிடம் இருக்கிறது. 256 பிட் நீளமுள்ள அந்த ஏஇஎஸ் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க உலகத்திலுள்ள கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. நிரல் எழுதியவன் தவறு செய்திருந்தாலோ, போலீஸ் அவன் சர்வரைப் பிடித்தாலோதான் பெரும்பாலும் சாவி இலவசமாக வெளியே வரும். அப்படி வந்தவற்றை 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளம் இலவசமாகத் தருகிறது, ஆனால் உங்களைப் பிடித்த வகைக்கு அங்கே சாவி இருக்கும் என்று நம்பிக் கடை நடத்த முடியாது.

இன்னொன்று, உள்ளே வந்தவுடன் இந்தத் திருடர்கள் பூட்டுவதில்லை. நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, அட்மின் பாஸ்வேர்டைப் பிடித்து, பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி, விண்டோஸ் தானாக எடுத்து வைக்கிற பழைய பிரதிகளை அழித்து, டேட்டாவைத் திருடியும் வைத்துக்கொண்டு, பிறகு ஆள் இல்லாத ஒரு சனி ராத்திரியில்தான் பூட்டுவார்கள். அதனால் நேற்றைய காப்பி ஒன்று மட்டும் இருந்தால் போதாது, அதிலேயே அவர்கள் போட்ட ஓட்டை இருக்கலாம். சில வாரம் பின்னால் போகிற காப்பிகளும் வேண்டும். திருடிய டேட்டாவை வெளியிடுவேன் என்று மிரட்டினால் எந்த பேக்கப்பும் உதவாது, அவர்களை உள்ளே விடாமல் இருப்பதுதான் வழி.

உள்ளே வருகிற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது, ஓடிபி இல்லாத வெறும் பாஸ்வேர்ட், மெயிலில் வரும் போலி இன்வாய்ஸ், அப்டேட் போடாமல் தள்ளிக்கொண்டே போவது. வானாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12-ல் உலகத்தை உலுக்கியது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் 2021-ல் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய்க் கம்பெனிக்குள் நுழைய, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு பழைய கணக்கு போதுமானதாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் 75 பிட்காயின் கட்டிச் சாவி வாங்கினார்கள். அந்தச் சாவி அவ்வளவு மெதுவாகத் திறந்ததால் தங்கள் சொந்த பேக்கப்பையும் நம்ப வேண்டியிருந்தது.

சரி, நம் கடை தயாராக இருக்கிறதா என்று எப்படி அளப்பது? இரண்டு எண்கள் போதும். எத்தனை மணி நேரக் கணக்கை இழந்தால் தாங்குவோம், எத்தனை மணி நேரம் மூடியிருந்தால் தாங்குவோம். முதல் எண், எத்தனை மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். இரண்டாவதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 1 டெராபைட் டேட்டாவை 50 எம்பிபிஎஸ் இன்டர்நெட்டில் கிளவுடிலிருந்து இறக்க 44 மணி நேரம் ஆகும், அதுவும் லைன் ஒரு தடவைகூட விழாமல் இருந்தால். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதே டேட்டா நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) வேகமுள்ள ஹார்ட் டிஸ்கில் இருந்தால் 3 மணி நேரத்துக்குள் வந்துவிடும். கிளவுட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று காப்பி, இரண்டு வித சாதனம், ஒன்று வெளியூரில் என்ற பழைய விதி நம் ஊருக்கென்றே சொன்னது போல இருக்கும். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த நமக்கு, தரைத்தளத்து மேசைக்குக் கீழே இருக்கும் டிஸ்கை பேக்கப் என்று சொல்ல மனம் வரக்கூடாது. ஒரு காப்பியாவது வேலை முடிந்ததும் கழற்றி வைத்ததாக இருக்கட்டும். கேபிள் இல்லாத டிஸ்கை எந்த ரேன்சம்வேராலும் தொட முடியாது.

எதை பேக்கப் எடுக்கிறோம் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் கம்பெனியிடம் சர்வர்களின் பேக்கப் இருந்தது. ஆனால் யார் யாருக்கு எதில் நுழைய உரிமை என்று வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இல்லை, ஏனென்றால் அவை ஒன்றுக்கொன்று பேக்கப் என்று நினைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் மட்டும் கரன்ட் போய் ஒன்று அணைந்து கிடந்ததால் தப்பியது, அதிலிருந்துதான் மீண்டார்கள். 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைத் திரும்ப நிறுவ 10 நாள் ஆனது.

அடி விழுந்த அன்று செய்ய வேண்டியதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், கம்ப்யூட்டரில் வைத்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். லேன் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை அணை, எதையும் ஃபார்மட் செய்யாதே, சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் செய். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து விதி.

அப்புறம் ஒத்திகை. புதுச்சேரியில் ஒரு மருந்து மொத்த வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நெட்வொர்க்கில் சேர்க்காமல் வைத்து, பேக்கப்பிலிருந்து பில் போடும் நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். 11 மணி நேரம் ஆனது. டேட்டா முழுதாக வந்துவிட்டது, சாஃப்ட்வேரின் லைசென்ஸ் நம்பர்தான் கிடைக்கவில்லை, அது அந்த சர்வரில் மட்டுமே இருந்த ஒரு பழைய மெயிலில் இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தபோது மூன்றரை மணி நேரத்தில் முதல் பில் வந்தது. லைசென்ஸ் நம்பர் இப்போது ஒரு தாளில், வீட்டுப் பீரோவில், கடைச் சாவிக்கொத்தோடு இருக்கிறது.