ரயில்வே கேட் திறந்திருந்தாலும் நின்று பார்க்க வேண்டும், ஏன்?

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் ரயில் பாதையைக் கிராமத்துச் சாலைகள் பல இடங்களில் கேட் வழியாகத்தான் கடக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர், பால் வண்டி, பள்ளி வேன் என எல்லாம் அதே கேட்டில்தான் போக வேண்டும்.

அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. அதனால் 'கேட் திறந்திருந்தால் ரயில் வராது' என்று பலரும் நம்புகிறோம். இந்த நம்பிக்கைதான் ஆபத்து.

கேட்டுகளில் இரண்டு வகை உண்டு. 'இன்டர்லாக்' செய்த கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும். இன்டர்லாக் இல்லாத கேட்டில் அந்தப் பிணைப்பு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார், கேட் கீப்பர் மூடுவார். அந்தப் பேச்சில் ஒரு தவறு நடந்தாலும் கேட் திறந்திருக்கும்போதே ரயில் வந்துவிடும். கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். அதன் பிறகு கேட்டுகளில் சிசிடிவி வைக்கவும், கேட் போன் உரையாடல் பதிவுகளைச் சரிபார்க்கவும் ரயில்வே உத்தரவிட்டது. எந்த கேட் எந்த வகை என்று சாலையில் போகிறவருக்குத் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆவது பிரிவு ஆளில்லா கேட்டுக்கு ஒரு வழி சொல்கிறது: வண்டியை நிறுத்தி, கிளீனரோ உடன் வருபவரோ இறங்கி நடந்துபோய், இரு பக்கமும் ரயில் இல்லை என்று பார்த்த பிறகு வண்டியைக் கடத்திவிட வேண்டும். ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். ஆள் உள்ள கேட்டிலும், குறைந்தபட்சம் நின்று, பாட்டை அணைத்து, இரு பக்கமும் பாருங்கள். பள்ளி வேன் ஓட்டுபவர்கள் இதை விடவே கூடாது.

மூடிய கேட்டை நாமே திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. உடைத்தால் 5 ஆண்டு வரை. 'அவசரம், கொஞ்சம் திறங்க' என்று கேட் கீப்பரை நெருக்குவதும் வேண்டாம். தடுப்புக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைப்பதும் அப்படித்தான்.

வைக்கோல் பாரம் ஏற்றுபவர்களுக்கு ஒன்று: மின்மயமான பாதையில் மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. கேட்டுக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்பைத் தொடும் பாரத்தோடு உள்ளே போகாதீர்கள்.

வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் முதலில் ஆட்களை இறக்கி விலக்குங்கள். அப்புறம் கேட் கீப்பரிடம் ஓடுங்கள். அவரிடம் ஸ்டேஷனுக்குப் போன், சிவப்புக் கொடி எல்லாம் இருக்கும்.

சரி, கேட்டுக்குப் பதில் மேம்பாலம் கேட்கலாமா? கேட்கலாம். ஒரு நாளில் போகும் ரயில்களை வாகனங்களால் பெருக்கினால் வரும் எண் 1 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், செலவை ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்கும் முறை உண்டு. 20 ரயில், 5,000 வாகனம் என்றால் சரியாக 1 லட்சம். அதற்குக் குறைந்த இடங்களில் சுரங்கப்பாதை அமைக்கிறார்கள். மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். மனுவைச் சேலம் கோட்ட ரயில்வே மேலாளருக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் கொடுக்கலாம். கேட்டில் எழுதியிருக்கும் கேட் எண்ணை மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.