மஜ்ஜை: மூளையும் இல்லை, முதுகுத்தண்டும் இல்லை

பேரனுக்கு ரத்தப் புற்று. தங்கையின் மஜ்ஜை பொருந்தியிருக்கிறது. வார்டுக்கு வெளியே பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, சின்னவளோட முதுகுத்தண்டுல இருந்தா எடுப்பாங்க? கால் விளங்காமப் போயிடாதா?”

“சூப் துலாங் சாப்பிட்டிருக்கீங்களா பாட்டி? எலும்பைத் தட்டி, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சுவாங்களே, உள்ளே இருக்கிறது...”

“அட, நல்லி எலும்பு!” முகம் தெளிந்தது.

வடமொழி ‘மஜ்ஜா’தான் நம் மஜ்ஜை, தமிழ் ஒலிக்கு இசைந்த வடிவம் மச்சை. அதற்கும் முன்பே நம்மிடம் ஒரு சொல் உண்டு: மூளை. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று போகும் சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில், என்புக்கு அடுத்து வரும் மூளை எலும்புக்குள் இருப்பதுதான். மண்டைக்குள் இருப்பதும் மூளை, காலெலும்புக்குள் இருப்பதும் மூளை. ரஷ்ய மொழியிலும் ‘மோஸ்க்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகிறது; அது மஜ்ஜாவுக்கு உறவுச் சொல்லும்கூட.

அழகான சொல்தான். ஆனால் கலங்கி நிற்கும் தாயிடம் ‘எலும்பு மூளை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. எழுத்தில் எலும்பு மச்சை, பேச்சில் நல்லிக்குள் இருப்பது. இதுவே என் தேர்வு.

‘மாற்று அறுவை சிகிச்சை’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். சிறுநீரகத்துக்குப் பொருந்தும் தொடர் அது. இங்கே பெறும் குழந்தையின் உடலில் கத்தி படுவதில்லை. கடும் மருந்தால் பழைய மச்சையை அழித்தபின், கொடையாளரின் குருத்தணுக்கள் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள்) ரத்தம் ஏற்றுவதுபோல் குழாய் வழியே இறங்குகின்றன. எலும்புக்குள் தாமே வழி தேடிப் போய்க் குடியேறுகின்றன. மச்சை மாற்று என்றாலே போதும். கொடுப்பவருக்கு மயக்க மருந்து தந்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள், அல்லது ரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை.

ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மாற்று தேவைப்படுவதில்லை, மருந்திலேயே குணமாகிறார்கள். சிங்கப்பூர், மலேசிய மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய மாஸ்போர் ஆய்வில், மச்சையில் எஞ்சிய புற்றணுக்களை அளந்தே மருந்தின் கடுமையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள்.

உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடுதான். மற்றவர்களுக்காகவே 1993 முதல் இங்கே சிங்கப்பூரில் கொடையாளர் பதிவேடு இருக்கிறது. பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனத்தவரிடமே கிடைக்கிறது. 17 முதல் 49 வயதுக்குள் இருந்தால் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.