மார்ச் 31-க்குள் செலவு செய்ய முடியுமா?

பிப்ரவரி பாதி தாண்டியதும் சிறு தொண்டு நிறுவனங்களுக்குக் கம்பெனிகளிடமிருந்து ஒரு மாதிரியான போன் வரத் தொடங்கும். "கொஞ்சம் சி.எஸ்.ஆர். ஃபண்ட் மிச்சம் இருக்கு சார். நாளைக்குள்ள ஒரு புரொபோசல் அனுப்புங்க. ஆனா மார்ச் 31-க்குள்ள செலவை முடிச்சு யூ.சி. கொடுத்துடணும்." (சி.எஸ்.ஆர். என்றால் கம்பெனிகள் தங்கள் லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்; யூ.சி. என்றால் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டதாக நாம் கொடுக்கும் சான்றிதழ்.) வருஷம் முழுக்க அனுப்பிய மெயிலுக்கெல்லாம் பதிலே வராத இடத்திலிருந்து வரும் அழைப்பு இது. மறுக்க யாருக்கு மனம் வரும்? போன வருஷப் புரொபோசலில் தேதியை மட்டும் மாற்றி ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிடுவார்கள்.

மாலைநேரப் படிப்பு மையம், சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி, முதியோர் இல்லம் என்று நடத்தும் சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதுதான் என் வேலை. கம்பெனிக்கு என்ன அவசரம் என்று தெரிந்துகொண்டால், வரும் பணத்தையும் விடாமல் பொய்க் கணக்கும் எழுதாமல் சமாளிக்கலாம்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆரம்பத்தில், செலவிடாவிட்டால் காரணம் எழுதினால் போதும் என்று இருந்தது. 2021 ஜனவரிக்குப் பிறகு அது நடக்காது. மிச்சப் பணம் அரசு குறிப்பிட்ட நிதிகளுக்குப் போய்விடும். அதோடு, உங்கள் கணக்கில் பணம் போட்டாலே செலவாகிவிட்டதாக அர்த்தமில்லை, நீங்கள் செலவழித்தால்தான் அது செலவு என்று கம்பெனி விவகார அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மார்ச்சில் யூ.சி. கேட்டு அரிப்பது இதனால்தான்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. கம்பெனியின் போர்டு (இயக்குநர் குழு) ஒரு திட்டத்தை 'ஆன்கோயிங் புராஜெக்ட்', அதாவது பல ஆண்டு தொடரும் திட்டம் என்று ஏற்றுக்கொண்டால், செலவாகாத பணத்தைக் கம்பெனி ஏப்ரல் 30-க்குள் ஒரு தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். வேலை இந்த நிதியாண்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். படிப்பு மையம் என்றால் மார்ச்சில் பிள்ளைகளைக் கணக்கெடுப்பது, ஆசிரியைகளைத் தேர்ந்தெடுப்பது எல்லாமே உண்மையான தொடக்கம்தான். எனவே போன் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை ஆன்கோயிங்காக எடுத்துக்கொள்ள உங்கள் போர்டு ஒத்துக்கொள்ளுமா?" என்பதுதான். பல இடங்களில், இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளவில்லையா? சரி, மார்ச்சுக்குள் நிஜமாகவே வாங்கிப் பயன்படுத்தக்கூடியதற்கு மட்டும் பணம் வாங்குங்கள். மேசை, புத்தக அலமாரி, கழிப்பறைப் பழுது, இப்படி. எட்டு லட்சம் தருகிறோம் என்பவரிடம் இரண்டு லட்சம் போதும் என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் செலவாகாத பணத்துக்கு யூ.சி. கொடுத்தால், அதில் இருப்பது உங்கள் கையெழுத்தும் உங்கள் ஆடிட்டரின் கையெழுத்தும். கம்பெனி அதிகாரி அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

மிச்சப் பணத்துக்கு வரிசையில் நிற்பதைவிட, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம் பிடிப்பதே புத்திசாலித்தனம். பல கம்பெனிகள் ஆண்டுத் திட்டத்தை நிதியாண்டின் முதல் காலாண்டிலேயே முடிவு செய்கின்றன. அப்படியானால் ஜனவரி, பிப்ரவரியில் நீங்கள் அனுப்பும் புரொபோசல் அடுத்த ஏப்ரலுக்கானதாக இருக்க வேண்டும். அதை எழுதும் வேலை தீபாவளி முடிந்ததும் தொடங்கிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் காகிதங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் நல்ல எழுத்தில்லாமல் போய் நிற்பதில்லை, இங்கேதான் நிற்கின்றன. பான் கார்டில் 'சாரிட்டபிள் டிரஸ்ட்', பத்திரத்தில் 'அறக்கட்டளை', வங்கிப் பாஸ்புக்கில் பாதிப் பெயர் என்று ஒரே அமைப்புக்கு மூன்று பெயர் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர்.-1 பதிவில் அது இடறும். 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவு எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்களுக்கு சி.எஸ்.ஆர். பணம் தர முடியாது. அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்து வேறு அதற்கு வேண்டும். அந்த பென்டிரைவ் மாதிரியான டோக்கன் எங்கே என்று தேடினால், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போன அறங்காவலரின் பீரோவில் இருக்கும், அதுவும் காலாவதியாகி!

டிரஸ்ட் பத்திரம் இன்னொரு தலைவலி. முத்திரைத்தாளில் தமிழில் தட்டச்சு செய்த பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்தால் பதினெட்டு எம்.பி. வரும். போர்ட்டலோ இரண்டு எம்.பி.க்கு மேல் ஏற்றாது. கம்பெனியின் மும்பைத் தலைமையகம் ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரி கையெழுத்தோடு கேட்கும். இதையெல்லாம் கடைசி நாள் மாலை ஆறு மணிக்குச் செய்ய முடியாது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பத்திரம், பான், 12ஏ, 80ஜி (இரண்டும் வருமான வரித் துறைப் பதிவுகள்), சி.எஸ்.ஆர்.-1, தர்ப்பண் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளத்தின் பதிவு எண்), மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை, அறங்காவலர் பட்டியல், ரத்து செய்த காசோலை என எல்லாவற்றையும் சின்ன பி.டி.எஃப்.களாக்கி ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். காலாவதித் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பழைய அறக்கட்டளைகளுக்கு 2021-இல் புதிதாகக் கொடுத்த 12ஏ, 80ஜி பதிவுகள் 2026 மார்ச் 31 வரைக்கும்தான். அவை காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வெளிநாட்டு நிதி பெறுபவர்களுக்கு இன்னொரு காலண்டர் உண்டு. ஆண்டறிக்கை டிசம்பர் 31-க்குள், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள், வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எனக்குப் பெரிய கவலை பட்ஜெட் தாளில்தான். மாலைநேரப் படிப்பு மையத்துக்கு நிதி கேட்டால் "ஏப்ரல், மே லீவுதானே, பத்து மாதச் சம்பளம் போதுமே" என்பார்கள். அந்த இரண்டு மாதம் சம்பளம் இல்லாவிட்டால் மையத்தை நடத்தும் பெண் ஜூனில் திரும்பி வரமாட்டார்; பக்கத்து ஊரில் வேறு வேலைக்குச் சேர்ந்திருப்பார். இடைநின்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது, பயிற்சி, புது மாணவர் கணக்கெடுப்பு எல்லாம் லீவில் நடக்கும் வேலைகள். அவற்றைத் திட்டத்தில் வாரவாரியாக எழுதிவிட்டு, பன்னிரண்டு மாதச் சம்பளம் கேளுங்கள்.

அடுத்து, "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி கூடாது" என்பார்கள். அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்கவும் செயல்படுத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. களப்பணியாளரின் பஸ் கட்டணம், கணக்கு எழுதுபவரின் பாதி நாள் சம்பளம், மையத்தின் வாடகை ஆகியவற்றைத் திட்டச் செலவாகவே தனித்தனி வரியில் போடுங்கள். 'இதர செலவுகள்' என்று மொத்தமாகப் போட்டால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். கம்பெனியின் சொந்தக் கொள்கை இன்னும் கறாராக இருக்கலாம். அதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டால், கட்டுப்படியாகாத இடத்துக்கு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதும் வேலையாவது மிச்சமாகும்.