நுவரெலியாக் குளிருக்கு எந்த மீன்?

நுவரெலியாவில் ஒரு ஃபைட்டர் மீனை வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டால், அது சீக்கிரமே அடியில் போய் அசையாமல் கிடக்கும். சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள், பாவம். அதற்குத் தேவை சூடு.

மீனுக்கு நம்மைப் போல உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடலின் வெப்பம். பொதுவாக 10 பாகை குறைந்தால் உடல் இயக்கம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தின்றது செரிக்காது, நோய் எதிர்ப்பும் தளர்ந்துபோகும். குளிர் பட்ட மீன்களுக்கு வெண்புள்ளி நோய் எளிதில் வருவது இதனால்தான்.

ஆகவே மீன் வாங்கப் போகுமுன் நீங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கண்டி சுமார் 500 மீற்றர். அங்கே கப்பி மீன் ஹீற்றர் இல்லாமலே வளரும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சீப்ரா டானியோ நல்ல தேர்வு, 18 பாகை வரை தாங்கும். நுவரெலியா 1,868 மீற்றர், சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். அங்கே எனது முதல் தெரிவு தங்கமீன்.

‘இல்லை, எனக்கு ஃபைட்டர்தான் வேண்டும்’ என்றால் ஹீற்றர் போடத்தான் வேண்டும். 50 லீற்றர் தொட்டிக்கு 100 வாட்டுக்குக் குறையக் கூடாது, மூடியும் அவசியம். ஆனால் இங்கே இன்னொரு விடயமும் இருக்கிறது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது. குளிர்ந்த நீரோ அதிக ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்து, கொழும்பின் 28 பாகைத் தண்ணீரிலும் நுவரெலியாவின் 16 பாகைத் தண்ணீரிலும் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் கரைய முடியும். அதே நுவரெலியாத் தண்ணீரை 26 பாகைக்குச் சூடாக்கினால் ஆறரைக்கு இறங்கிவிடும். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடுகிறது. அதனால் மலையில் ஹீற்றர் போட்டால் காற்றுப் பம்பும் கூடவே ஓட வேண்டும். நெருக்கமாக மீன் விடக் கூடாது.

தங்கமீனுக்குச் சூடு தேவையில்லை, இடம்தான் தேவை. அது நிறையத் தின்னும், நிறையக் கழிவு விடும், ஓர் அடி வரை நீளமும் வைக்கும். செவுள் வழியாக வெளியேறும் அமோனியா நஞ்சு. அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். அப்புறம் இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றும். இந்தப் பக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறச் சாதாரணமாகவே நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். நம் குளிரில் இன்னும் தாமதமாகும். கிண்ணத்தில் அதற்கு இடமே இல்லை. குறைந்தது இரண்டரை அடி நீளத் தொட்டியில் தொடங்குங்கள். நூறு லீற்றர் தண்ணீரே நூறு கிலோ, லயத்துப் பலகை தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்தைக் கலந்துவிடுங்கள். காலையில் பீலியில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் கலந்து தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள்.