மாமனுக்கு ஏன் பிளாஸ்மா ஏற்றவில்லை?

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் மாமனுக்குக் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துவிட்டது. ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) 1.8. இயல்பு 1 சுமார். அத்தைக்குக் கை நடுங்கியது. "ஏனுங்க டாக்டர், ரத்தம் உறையாதுங்கறாங்களே, மஞ்சப் பாக்கெட் ஏத்தாமயே ஊசி போடறீங்களா?"

மஞ்சப் பாக்கெட் என்று அத்தை சொன்னது பிளாஸ்மாவை: ரத்த அணுக்களை நீக்கியபின் கிடைக்கும், உறைய வைக்கும் புரதங்கள் உள்ள மஞ்சள் நீர். நியாயமான பயம்தான். ஆனால் அந்த எண் சொல்வது பாதிக் கணக்கு.

கீழ்பவானி வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் திறக்கும் தண்ணீர் குறைந்தாலும், வழியில் உள்ள மதகுகளையும் அதற்கேற்ப இறக்கிவிட்டால் வாய்க்காலில் மட்டம் நிற்கும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது. உறைதலை அடக்கும் புரதம் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவற்றைச் செய்வதும் அதுவே. கல்லீரல் கெட்டால் இரண்டும் சேர்ந்து குறைகின்றன. ஐ.என்.ஆர். அணையை மட்டும் பார்க்கிறது, மதகைப் பார்ப்பதில்லை. புரதம் சி வேலை செய்ய ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள ஒரு பொருள் வேண்டும். சோதனைக் குழாயில் சுவர் ஏது?

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்றினால்தான் என்ன? ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவுக்கே ஐ.என்.ஆர். ஏறக்குறைய 1.1. அதைக் கொஞ்சம் கலந்து 1.8-ஐ இறக்குவது கடினம். வழக்கமாக ஏற்றும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்றால், 60 கிலோ ஆளுக்கு 600 முதல் 900 மில்லி. ஏற்கெனவே நீர் கோத்த உடம்பில் அவ்வளவும் போனால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறலாம். கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரையில் அழுத்தமும் கூடும். உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடிக்க அதுவே வழிசெய்யலாம். ஒவ்வாமையும் வரலாம். இத்தனையையும் வெறும் ஒரு எண்ணுக்காகத் தாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கும் கணக்கு வேறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கும், பித்தக்குழாய் அடைத்தவருக்கும் வைட்டமின் கே முக்கியம்.

வயிற்று நீர் எடுக்கையில் ரத்தம் கசிந்தால், பெரும்பாலும் வயிற்றுச் சுவரில் ஓடும் குழாயை ஊசி குத்தியதே காரணம். அதனால் டாக்டர் பிளாஸ்மா கேட்கவில்லை, ஸ்கேன் கருவியைத்தான் கேட்டார். அடிவயிற்றின் இடப்பக்கம் ரத்தக்குழாய் இல்லாத இடமாகப் பார்த்து, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் அதே இடத்தில் ஊசி இறங்கியது. நீர் வடிந்து முடிந்து ஊசியை எடுத்தபோது பஞ்சில் மிளகளவு சிவப்பு. அத்தை அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.