“மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லீங்க”

காலையில் எழுந்தால் கால்களைத் தூக்க முடியவில்லை என்று, தையல் வேலைக்குப் போகும் நாற்பது வயதுப் பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்று பயந்திருந்தார்கள். ஆனால் இரண்டு கால்களும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தன. முகம் கோணவில்லை, பேச்சும் குழறவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 1.9 இருந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். இந்த அளவுக்கு இறங்கினால் தசைகள் தளர்ந்துவிடும், இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம்.

வாந்தி, பேதி இல்லை. “என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?” என்று கேட்டேன்.

“மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லீங்க டாக்டர்.”

நாத்தனார்தான் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே காலியான இபுப்ரோஃபென் அட்டைகள். தலைவலிக்காக மருந்துக்கடையில் வாங்கி, 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு எட்டு, பத்து என்று பல மாதங்களாகப் போட்டிருக்கிறார். டாக்டரைக் கேட்காமல் சாப்பிடுவதென்றால் நாளுக்கு மூன்றுதான் எல்லை, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். பொய் சொல்லவில்லை அவர். வலி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மருத்துவர்களுக்கும் இங்கே சறுக்கும். இந்த வகை மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும் என்றுதான் படித்திருக்கிறோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் இபுப்ரோஃபென் அளவு மீறிப் போனால், சிறுநீரக நுண்குழாய்களில் அமிலத்தை வெளியேற்ற உதவும் ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. அமிலம் ரத்தத்தில் தேங்க, பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடுகிறது. கோடீன் என்ற அபின் வகை வலி மருந்து கலந்த இபுப்ரோஃபென் மாத்திரைக்கு அடிமையானவர்களிடம் இது நடப்பதைப் பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2022-இல் எச்சரித்தது.

“இளநீர் கொடுத்திருந்தா சரியாகியிருக்குமா?” என்று கணவர் கேட்டார். இவ்வளவு இறங்கிய பிறகு இளநீர் போதாது. சிறுநீரகம் பழுதானவர் தானாகக் குடித்தால் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகவும் முடியலாம். டிரிப்ஸில்கூட, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

நான்காம் நாள் அவர் நடந்தார். அப்புறம் தலைவலியைப் பார்த்தோம். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம். நிறுத்திய முதல் வாரம் வலி கூடியது, மிகவும் சிரமப்பட்டார். மூன்றாம் வாரம் வந்தபோது வலி பாதியாகியிருந்தது, பொட்டாசியம் 4.1. இந்த முறை எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, கேட்பதற்கு முன்பே மேசைமேல் வைத்தார்.