டெண்டருக்கு முந்தைய நாள் வந்த போன்

"சார், நாங்கள் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. நஷ்டத்துக்கு விலை போடாமல் இருக்கத்தான் பேசிக்கொண்டோம்." சென்ற ஆண்டு, வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு சிறு தொழிற்சாலை உரிமையாளர் சொன்னது இது. ஒரு டெண்டருக்கு அவரும் வேறு நான்கு பேரும் ஒரே விலையை எழுதியிருந்தார்கள். போட்டிச் சட்டம் பெரிய முதலாளிகளுக்கானது என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

1969-இன் ஏகபோகச் சட்டத்தைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. அது நிறுவனத்தின் பருமனைக் கண்டு அஞ்சியது. அதன் இடத்துக்கு வந்த 2002 போட்டிச் சட்டமோ நடத்தையைப் பார்க்கிறது. ஐந்து பேர் மட்டுமே இருக்கும் சின்னத் தொழிலில் ஐவரும் விலை பேசினால், அதுவும் குற்றம்தான்.

இந்தச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்தத் தவறுக்கான அபராதம் ஏறிவிட்டது. இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில், கிடங்குத் தானியத்தைக் காக்கும் மாத்திரைக்கு மூன்று நிறுவனங்கள் ஒரே விலையாக 388 ரூபாய் எழுதின. இந்தியப் போட்டி ஆணையம் அவர்களின் மொத்த விற்றுமுதல் (விற்பனை வருவாய்) மீது அபராதம் போட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம், தவறு நடந்த பொருளின் விற்றுமுதல் மீதுதான் போட வேண்டும் என்றது. திருத்தம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. இப்போது உச்சவரம்பு உலகளாவிய மொத்த விற்றுமுதலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

மொத்தம் 10 கோடி, அந்தப் பொருளில் 1 கோடி விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 10 சதவீதம் என்றால் 10 லட்சம். மார்ச் 2024 வழிகாட்டுதல்களின்படி கணக்கு அந்த 1 கோடியில் 30 சதவீதம் வரை, அதாவது 30 லட்சம் வரை தொடங்கலாம். உச்சவரம்பு மொத்தத்தில் 10 சதவீதம், அதாவது 1 கோடி. கார்டெல், அதாவது போட்டியாளர்கள் கூடி விலை பேசிய கூட்டு, என்று முடிவானால் தவறு நீடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கணக்கு உண்டு. மேல்முறையீட்டுக்குப் போக அபராதத்தில் 25 சதவீதத்தை முன்பே கட்ட வேண்டும். பல பொருள் செய்யும் சிறு நிறுவனத்துக்கு இது மிகக் கடுமை என்பது என் உறுதியான கருத்து. மறுபடி திருத்தும்போது சரிசெய்ய வேண்டிய முதல் இடம் இதுதான்.

இன்னொன்று, அதே தொழிலில் இல்லாதவரும் இனி சிக்குவார். ஐவரையும் உட்காரவைத்து விலை பேச வைத்த இடைத்தரகரோ சங்கமோ, அந்த ஏற்பாட்டுக்குத் துணைபோனால் அதில் பங்குள்ளவராகவே கருதப்படுவார்.

திருத்தம் கொண்டுவந்த சமரச வழி கார்டெலுக்குத் திறக்கவில்லை. அங்கே மிஞ்சுவது குறைந்த அபராதத் திட்டம் மட்டும்: முதலில் வந்து உண்மையை முழுமையாகச் சொல்பவருக்கு 100 சதவீதம் வரை தள்ளுபடி, அடுத்தவருக்கு 50 வரை, அதற்கடுத்து 30 வரை. ஐவரில் யார் முதலில் ஆணையத்தின் கதவைத் தட்டுகிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நான் அவரிடம் கேட்டுக்கொண்டது இரண்டு. போனில் இருக்கும் எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் விலைப் பேச்சு எழுந்தால், ஆட்சேபத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். "மற்ற நால்வரும் என்ன நினைப்பார்கள்?" என்றார். அவர்களில் ஒருவர் இந்நேரம் வேறொரு வழக்கறிஞரின் முன் உட்கார்ந்திருக்கக்கூடும் என்றேன்.